கரும்பலகையில் எழுதிய எடை

போன வாரம் வேலு வீட்டுக்கு வந்திருந்தான். நான் காலமெல்லாம் கரண்டி பிடித்த கல்லூரி விடுதியில் இப்போது அவன்தான் தலைமைச் சமையல்காரன். கையில் ஒரு பை சாத்துக்குடி, முகத்தில் ஒரு மூட்டைக் கவலை.

"மாஸ்டர், ஆஸ்டல்ல போர்டு ஒண்ணு மாட்டிட்டாங்க. பசங்க எடைய அதுல எழுதறாங்க. மாசத்துல யாரு ஜாஸ்தி கொறைக்கிறானோ அவனுக்குப் பரிசாம்."

"கொறைச்சா பரிசா?"

"ஆமாங்க. ஒரு நர்சம்மா வந்து எல்லாரையும் மிஷின்ல ஏத்தி எறக்குனாங்க. பாதிப் பேரு குண்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சாமைச் சோறு ஆக்கச் சொல்லி ஆர்டரு."

எனக்கு வந்த சிரிப்பில் சாத்துக்குடி மடியிலிருந்து உருண்டது.

"சிரிக்காதீங்க மாஸ்டர். அங்க ஒரு பையன் சாப்பாட்டுக்கே வர மாட்றான். ஜாஸ்தி எடைன்னு போர்டுல அவன் பேருதான் மேல இருக்குது. பசங்க அவன லாரின்னு கூப்புட்டுக்கினு இருக்கானுங்க. நீங்க பழைய ஆளு. இன்னா பண்றதுன்னு சொல்லுங்க."

எங்கள் காலத்திலும் அங்கே ஒரு பலகை இருந்தது. ஆனால் தலைகீழ். எடை கூடினால் மாலை போட்டார்கள். முதலில் அந்தக் கதையைக் கேள், பதிலைப் பிறகு சொல்கிறேன் என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவன் இல்லை. கல்யாணச் சமையல் கோஷ்டியில் தேங்காய் துருவப் போய், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றேன். பாதி செய்தி ஒரு பொட்டலத்தில் இருக்கும். மீதி வேறு யார் வீட்டு மிளகாய்க்கோ போயிருக்கும். அதனால் எந்தச் சங்கதியானாலும் முடிவை நானே கட்டிக்கொள்ளப் பழகிவிட்டேன். இன்னொரு பழக்கம், ஜனங்கள் வாயிலிருந்து விழுகிற வார்த்தைகளைப் பொறுக்கி வைப்பது. அதற்கு மாணவர் விடுதி மாதிரி விளைச்சல் உள்ள நிலம் வேறு கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவன் சாம்பார் வாளியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதுல பருப்பு நீச்சல் தெரிஞ்சதுதானே? முழுகிடாதே?" என்று கேட்டான்.

அந்தச் சாம்பாருக்காகவே அப்போதிருந்த வார்டன் பொறுப்பை இழந்தார். பையன்கள் காலிப் பருப்புச் சாக்குக்குப் பாடை கட்டி, சங்கு ஊதி, கல்லூரி வாசல் வரைக்கும் ஊர்வலம் எடுத்தார்கள். அடுத்து வந்தவர் நடேசன் சார். பொருளாதாரம் நடத்துகிறவர். மூங்கில் பிளாச்சு மாதிரி உடம்பு, சலவை மடிப்புக் கலையாத சட்டை. வந்த அன்றைக்கே பையன்களைக் கூட்டி வைத்து, "நான் நேர்மையானவன்னு சொல்லிக்க மாட்டேன். ஆதாரம் காட்டுவேன்" என்றார்.

ஆதாரம் என்பது அவர் வாயில் வெற்றிலை மாதிரி. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது சார் என்றால், "ஆதாரம்?" என்று உள்ளங்கையை நீட்டுவார். நான் ஊற்றுவேன், நக்கிப் பார்த்துத் தலையசைப்பார். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னாலும் ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் ஐயரிடம் ரசீது கேட்டவர் என்று பையன்கள் சொல்வார்கள். ஆனால் ஒன்று. விடுதிச் சாமானில் ஒரு கடுகைக்கூடத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, ரசமும் சோறும் சாப்பிட்டு, அதற்கும் காசு கட்டிவிட்டுப் போவார். யோக்கியர்தான். அந்த யோக்கியத்தை ஊரே பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வியாதி.

அந்த வியாதிக்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் எடை.

சரக்கு அறையில் அரிசி மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதை மெஸ் வாசலுக்கு இழுத்து வருவோம். பையன்கள் லுங்கி பனியனோடு வரிசையில் நிற்க வேண்டும். செருப்பு கூடாது. தராசுப் பலகையில் ஏறினால் பேசக் கூடாது, மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. நான் தராசுத் தண்டில் எடைக் குண்டை நகர்த்துவேன். நடேசன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தண்டைப் பேனா மூடியால் இரண்டு தட்டுத் தட்டி, அது ஆடி அடங்குகிற வரைக்கும் காத்திருப்பார். நான் எடையைச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்வார், வாட்ச்மேன் கரும்பலகையில் எழுதுவார். பெயர், போன மாத எடை, இந்த மாத எடை. கூடியிருந்தால் வெள்ளைச் சாக்பீஸ், கூடாவிட்டால் சிவப்பு. இத்தனையிலும் சார் தராசு முள்ளைத்தான் பார்ப்பார். தராசு மேல் நிற்கிற ஆளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவர் மட்டும் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. "நான் மெஸ் கணக்குல வரமாட்டேன் மாஸ்டர்" என்பார்.

"எடை கூடுதுன்னா சாப்பாடு வயித்துக்குப் போவுதுன்னு அர்த்தம். இதுக்கு மேல எவன் கேள்வி கேப்பான்?" என்று பெருமையாகச் சொன்னார்.

எவனும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. பருப்பையும் கீரையையும் எவ்வளவு போட்டாலும் முள் அசையாது. சோறும் உருளைக்கிழங்கும் வனஸ்பதியும் சர்க்கரையும் போட்டால் துள்ளும். நடேசன் சார் பொருளாதாரம் படித்தவர் அல்லவா, முதலீட்டை அந்தப் பக்கம் திருப்பினார். கீரை போய்க் கிழங்கு வந்தது. சுண்டல் போய் போண்டா வந்தது. எடை பார்க்கிற முந்தின நாள் சர்க்கரைப் பொங்கல் நிச்சயம். பையன்கள் அதற்கு அஸ்திவாரம் என்று பெயர் வைத்தார்கள். காலையில் ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள், அது கிருஹப்பிரவேசம்.

பெற்றவர்களுக்கோ வாயெல்லாம் பல். விடுமுறைக்குப் போன பிள்ளை தொந்தியோடு வந்தால், படிப்பு ஏறியிருக்கிறது என்று நினைத்த காலம் அது. மணலூர்பேட்டையிலிருந்து கோவிந்தன் என்று ஒருவர் வருவார். குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். அவர் மகன் தனசேகரன் எங்கள் விடுதியில் சேர்ந்தபோது முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டியது போல இருந்தான். இரண்டாம் வருஷம் தொண்ணூறு கிலோவைத் தாண்டினான். கரும்பலகையில் அவன்தான் முதல் பேர். நடேசன் சார் அவனுக்குச் சாமந்தி மாலை போட்டார். கோவிந்தன் மகனின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "எங்க வம்சத்துலயே கன்னம் வெச்ச மொத ஆளு இவன்தாங்க. எங்களுக்கெல்லாம் எலும்பு மேல தோலோட நின்னுடுச்சு" என்றார்.

சாருக்குத் தலைவலியாக இருந்தவன் கரியாலூர்ப் பையன் பொன்னன். மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடிப் பிள்ளை. எவ்வளவு போட்டாலும் தின்பான், முள் மட்டும் நகராது. சனிக்கிழமைதோறும் கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலை ஏறி வீட்டுக்கு நடப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இறங்கி வருவான். சார் அவனைச் சந்தேகமாகவே பார்ப்பார். "நான் அஞ்சு நாளா ஏத்துறத, இவன் கொண்டுபோய் மலையில எறக்கி வெச்சிட்டு வரான் மாஸ்டர்." பொன்னன் பேர் எப்போதும் சிவப்பில்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் தனசேகரனுக்கு வனத்துறையில் வனவர் வேலைக்குக் கார்டு வந்தது. எழுத்துப் பரீட்சை தேறிவிட்டான். மீதி இருந்தது நடைத் தேர்வு. குறித்த நேரத்துக்குள் இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். இவனோ மெஸ்ஸிலிருந்து அறைக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடியில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டுப் போகிறவன்.

உடல் தகுதிச் சான்றுக்குப் போனவனை அரசு ஆஸ்பத்திரி ஸ்டெல்லா டாக்டரம்மா நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார். "மாடி ஏறுனா மூச்சு வாங்குதா? ராத்திரி குறட்டை விடறியா?" எல்லாவற்றுக்கும் ஆமாம். "பையன் நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னு ஊரே சொல்லுது பாரு, அதான்டா உன் சீக்கு. போய் நட. நடந்துட்டு வந்து கையெழுத்து வாங்கு" என்று அனுப்பிவிட்டார்.

வந்தவன் நேராகச் சமையல்கட்டுக்கு வந்தான். "மாஸ்டர், எனக்கு ஒரு கரண்டி போதும். எங்கப்பா இந்த வேலைய நம்பி தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கினு இருக்காரு. நடக்கலன்னா எல்லாம் போச்சு."

நான் சாரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருது மாஸ்டர். நான் பருப்பத் திங்கறேன்னு எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கான். எனக்கு ஆதாரமே இந்தப் பையன்தான். அவனுக்குச் சிவப்புல எழுதிட்டா நான் திருடன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. ஆபீசர் வந்துட்டுப் போவட்டும், அப்புறம் பட்டினி கெடக்கட்டும்."

"அவனுக்கு நடைத் தேர்வு இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச மறுவாரமே சார்."

"நன்னடத்தைச் சான்று நான்தான தரணும்? பையன வந்து சாப்பிடச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன், வந்து உட்கார்ந்தான். தட்டில் மலை மாதிரி சோறு. தனசேகரன் அதைப் பார்த்த பார்வையை மட்டும் மறக்க முடியவில்லை. பசியில் சோற்றைப் பார்த்து அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். சோற்றைப் பார்த்துப் பயந்தவனை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவனைக் காப்பாற்ற டாக்டரம்மாவாலும் ஆகவில்லை, என்னாலும் ஆகவில்லை. புளியமரம் வந்து காப்பாற்றியது.

தனி இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த சமயம் அது. ரோட்டோரத்துப் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் இல்லை, காய்கறி வண்டி இல்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டு, விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மணலூர்பேட்டைப் பக்கம் போகவே வழி இல்லை. "எங்கூட மலைக்கு வாடா" என்று பொன்னன் தனசேகரனைக் கூப்பிட்டான். என் வீடு கச்சிராயபாளையத்தில். மூன்று பேருமாக நடந்தோம்.

முதல் மரம் குறுக்கே கிடந்த இடத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னன் கையை ஊன்றி ஒரே தாவில் அந்தப் பக்கம் போனான். நான் வேட்டியை மடித்துக்கொண்டு ஊர்ந்து போனேன். தனசேகரன் அடிமரத்தின் மேல் வயிற்றைக் கிடத்தினான். அங்கேயே நின்றுவிட்டான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கால் இரண்டும் காற்றில் நீந்துகின்றன.

தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, ஒரு ஆளா ரெண்டு ஆளா?"

"ஆஸ்டல் பையனுங்க. படிக்கிற புள்ள" என்றேன்.

"எலே, கோடாலி எடுத்துக்கினு நாலு மணி நேரம் மரத்த வெட்டுனோமே, இந்தத் தம்பிய கூப்ட்டு ரோட்டுல படுக்கச் சொல்லியிருந்தா வேல முடிஞ்சிருக்குமேடா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தனசேகரன் மரத்தின் மேல் கிடந்தபடியே அழுதான். எனக்குப் பொறுக்கவில்லை. "சிரிக்காதீங்க. அவனுக்கு வனவர் வேலைக்குக் கார்டு வந்திருக்குது. நடைத் தேர்வு இருக்குது. மலையில நடந்து பழகப் போறான்" என்றேன்.

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். "வேலைக்கா? கார்டே வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"அடப் பாவிங்களா, இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? இவன மாதிரிப் புள்ளைங்க வேலைக்குப் போவணும்னுதான இங்க குந்திக்கினு இருக்கோம்! தூக்குங்கடா!"

நான்கு பேர் தூக்கினார்கள். இரண்டு பேர் இந்தப் பக்கம் இழுத்தார்கள். இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்ட ஓர் இளவட்டம் சொன்னான்: "பெரிப்பா, கவர்மென்ட்டுகிட்ட ஒதுக்கீடு வாங்கறது இதவிட சுலுவுதான்." தனசேகரனே சிரித்துவிட்டான். கண்ணீரும் சளியுமாக ஒரு சிரிப்பு. கச்சிராயபாளையம் போவதற்குள் இன்னும் ஐந்தாறு மரங்கள். கடைசி மரத்தை யார் கையும் படாமல் அவனே தாண்டினான்.

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பொன்னன் சொல்லித்தான் தெரியும். மலையில் மாயமும் இல்லை, மூலிகையும் இல்லை. கரண்டி கம்மி, ஏற்றம் ஜாஸ்தி, அவ்வளவுதான். ரோடு அடைபட்டதில் உப்பும் மண்ணெண்ணெயும்கூட மேலே போகவில்லையாம். சாமைக் கஞ்சியும் கீரையும் குடித்துக்கொண்டு, பொன்னனின் அப்பாவோடு விறகுக்கும் தண்ணீருக்கும் ஏறி இறங்கியிருக்கிறான். முதல் நாள் பாதி வழியில் உட்கார்ந்து, "என்ன இங்கயே வுட்டுடு, வேர் புடிச்சி மரமாயிடறேன்" என்றானாம்.

விடுதி திறந்தது. தனசேகரன் வந்து நின்றபோது லுங்கியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தான். கழுத்து என்று ஒன்று இருப்பது தெரிந்தது. எனக்குச் சந்தோஷம். ஆனால் இன்ஸ்பெக்‌ஷனும் கிட்டத்தில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எடை. எல்லாப் பையன்களுக்கும் குறைந்திருந்தது. கரும்பலகை முழுக்கச் சிவப்பு, காளி கோயில் சுவர் மாதிரி. சாருக்கு வேர்த்துக் கொட்டியது. தனசேகரன் ஏறினான். முள் பழைய இடத்துக்கு மேல் போய் நின்றது.

நான் குண்டைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், பொன்னனைப் பார்த்தேன். பொன்னன் வானத்தைப் பார்த்தான். காலையிலிருந்து கைத்தராசின் ஐந்து கிலோ எடைக்கல் இரண்டைக் காணாமல் நான் அரிசி மூட்டைச் சந்தெல்லாம் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போதே தேடுவதை விட்டேன். நடேசன் சாருக்கோ உயிர் திரும்பி வந்தது. முள்ளைத்தானே பார்ப்பார். "பாத்தீங்களா மாஸ்டர், இவன் ஒருத்தன் போதும்" என்று வெள்ளைச் சாக்பீஸில் அவரே எழுதினார்.

அதிகாரி வந்தார். வாட்டசாட்டமான மனிதர். சமையல்கட்டு, சரக்கு அறை எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கரும்பலகையின் முன்னால் நின்றார். "இந்தத் தனசேகரன் யாரு? கூப்புடுங்க."

வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். "இவனா? இந்த எடையா? ஏத்துங்க பாப்பம்."

தனசேகரன் தராசில் ஏறினான். நடேசன் சார் வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தண்டைத் தட்டினார். ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. அன்றைக்கும் லுங்கிக்குள் எடைக்கல்லைச் சுமந்த அரைஞாண் கயிறு பாவம், எவ்வளவு தாங்கும்? அறுந்தது. எடைக்கல் ஒன்று தராசுப் பலகையில் டங்கென்று விழுந்து, உருண்டு, அதிகாரியின் பூட்ஸில் முட்டி நின்றது. முள் சரசரவென்று இறங்கியது.

அப்போதுதான் நடேசன் சார் முதன்முறையாக முள்ளை விட்டுவிட்டுப் பையனை நிமிர்ந்து பார்த்தார். தொங்கிப்போன பனியன், தெரிகிற கழுத்தெலும்பு, நெற்றியில் மலை வெயில். நிறைய நேரம் பார்த்தார்.

"யாருய்யா இத கட்டி வுட்டது?" அதிகாரி கேட்டார். "நீயா கட்டிக்கினியா? காலேஜ்ல படிக்கிற பையன், இரும்பக் கட்டிக்கினு ஆபீசர ஏமாத்தறியா? சார், இவன் மேல ரிப்போர்ட் எழுதிக் குடுங்க."

ரிப்போர்ட் எழுதினால் நன்னடத்தைச் சான்று கிடையாது. சான்று இல்லையென்றால் எவ்வளவு நடந்தும் பயனில்லை. மணலூர்பேட்டையில் ஒரு தங்கைக்குக் கல்யாணமும் இல்லை.

"நான்தாங்க கட்டச் சொன்னேன்" என்றார் நடேசன் சார்.

"நீங்களா?"

"ஆமாங்க. எடை ஜாஸ்தி காட்டறதுக்காக. பையன் மேல தப்பு இல்ல."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஆதாரம் ஆதாரம் என்று அலைந்த மனிதர் ஆதாரமே இல்லாத ஒன்றைச் சொல்கிறார். அதை அந்த இடத்தில் எவனும் சந்தேகப்படவில்லை! உண்மையாக இருந்தபோதெல்லாம் நம்பாத உலகம், அவர் சொன்ன ஒரே பொய்யை உடனே நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போயிற்று. மொட்டைப் பெட்டிஷன் போட்டவன் அன்றைக்கு எங்கோ உட்கார்ந்து மீசையை முறுக்கியிருப்பான்.

வார்டன் பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். சாவியை ஒப்படைக்க வந்தவர் முதலில் தனசேகரனின் நன்னடத்தைச் சான்றில் கையெழுத்துப் போட்டார். பொறுப்பு கைமாறுவதற்குள் போட வேண்டும் என்று அவசரம். பிறகு தராசைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

"எவ்ளோ இருக்கு மாஸ்டர்?"

குண்டை நகர்த்தி, தண்டு ஆடி அடங்குகிற வரைக்கும் காத்திருந்து சொன்னேன். நாற்பத்தாறு.

"அவ்ளோதானா?" என்று இறங்கினார். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டார். சார் திரும்பிப் பார்த்து, "போர்டுல எழுதாத" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தனசேகரன் நடந்து தேறினான், வேலைக்குப் போனான், தங்கைக்குக் கல்யாணமும் செய்து வைத்தான். ஆனால் நடைப் பரீட்சை வைத்து ஆள் எடுத்த இலாகா, பிறகு அவனுக்கு ஜீப் கொடுத்தது. போன தீபாவளிக்கு ஓய்வு பெற்றவனாக என்னைப் பார்க்க வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வந்தான். பொன்னனும் அதே வேலைக்கு மனுப் போட்டவன்தான். மலையில் பிறந்த பிள்ளை என்று எழுதிக் கொடுக்க வேண்டிய சாதிச் சான்றிதழ் தாலுகா ஆபீஸில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவனுக்குக் கார்டே வரவில்லை. மலையில் தனசேகரனை நடக்கப் பழக்கியவனுக்கு நடந்து காட்ட வாய்ப்பில்லை. சான்றிதழ் வந்தபோது அவன் வாத்தியாராகியிருந்தான். "ஆதாரம் கேக்கறதுல நம்ம சாரே தேவல மாஸ்டர்" என்பான்.

வேலு கதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் சரிங்க மாஸ்டர். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே. அந்த லாரிப் பையனுக்கு இன்னா பண்றது?"

"மொதல்ல அவன் பேரு இன்னா?"

வேலு விழித்தான். பலகையில் மேலே இருக்கிற பெயர், தினம் பார்க்கிற பெயர், அவனுக்கு வாயில் வரவில்லை.

"போய்த் தெரிஞ்சிக்கினு அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடு. கீரையும் பருப்பும் போடு, சோத்தக் கம்மி பண்ணு, அவனோட நீயும் சேந்து நட. உனக்கும்தான் தொப்ப தொங்குது. எடை பாக்கணும்னா கதவச் சாத்திக்கினு பாத்து அவன் காதுல மட்டும் சொல்லச் சொல்லு."

"அப்ப போர்டு?"

"போர்டுல எழுதாத" என்றேன்.